முதுகு

பீலியோன் மலையில் பனி உருகும் மாதம்.
எங்கள் ஓக் மரத்தில் கோடரிச் சத்தம்.
போனேன்.
படகுத் தச்சன் லாமிஸ்கோஸ்,
வெட்டிய மரமே காலில் சாய்ந்து
ஓடையில் கிடந்தான்.

என்னைக் கண்டதும் அவன் கண்
முகத்துக்கு வரவில்லை,
முதுகுக்குப் போனது.
சேணத்துக்கு அளவெடுக்கிற கண்.
அந்த வலியிலும்.

மிதித்திருக்கலாம்.
நான்கு குளம்பும் அதைத்தான் கேட்டன.

மரத்தைப் புரட்டிவிட்டு
கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டேன்
இந்த இரண்டு கைகளில்.
பாதி வழியில் முனகினான்:
"முதுகில் ஏற்றினால் உனக்குச் சுலபம்தானே?"

எல்லைக்கல் வரை நான் பேசவில்லை.
அங்கே
நெருஞ்சி அடர்ந்த இடமாகப் பார்த்துப் போட்டேன்.

கோடரி என்னிடம் இருக்கிறது.
தோள்வலி இன்னும் போகவில்லை.
என் முதுகில் இதுவரை ஏறி உட்கார்ந்தது
பனி ஒன்றுதான்.
அதையும் உதறியிருக்கிறேன்.