ஆமா

தை மூணு. கண்டரமாணிக்கம் கண்மாயின் காய்ந்த ஓரம்.
ஷாமியானாவுக்குக் கீழே நான், ஒரு பிளாஸ்டிக் மேசை,
முந்நூறு படிவம், மூன்று பேனா.
காற்றுக்குப் பறக்காமல் காகிதத்தின் மேல்
ஒரு செம்பூரான் கல்.

நூற்றுப் பதினேழாவது டோக்கன்.
கயிற்றின் இந்த முனையில் சேவுகமூர்த்தி,
அந்த முனையில், குளித்த ஈரம் காயாத கறுப்பு.

உங்க மாடுதானா?
ஆமா.
மூணு வயசு முடிஞ்சிருச்சா?
ஆமா.
ராத்திரி தண்ணி குடிச்சானா?
ஆமா.
காய்ச்சல், கழிச்சல் இல்லையே?
ஆமா, இல்லை.
கண்ணுல எதுவும் போடலையே?
இதற்கு மட்டும் மாட்டைப் பார்த்துவிட்டு,
ஆமா டாக்டரம்மா, போடலை.

அந்த ஐந்தாவது ஆமாவில் பேனா நின்றது.

பழைய பாட்டுகளில் அந்தச் சொல்லுக்கு நாலு கால்.
ஆ, பசு. மா, விலங்கு.
ஆமா
மலைச்சாரலில் மேய்ந்தது, மணி கட்டாத கழுத்தோடு.
உரை எழுதியவர்கள் ‘காட்டுப்பசு’ என்று சொல்லி
அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள்.
அது காட்டெருது என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.
நர்மதைக் கரை மண்ணில்
மண்டையோடும் கொம்புமாய்க் கிடைத்தானே
இவனுடைய ஆதித் தகப்பன்,
அவன் பெயராகவும் அது இருந்துவிட்டுப் போகட்டும்.
அவனுக்கு வேறு பெயர் மிஞ்சவில்லை.

அவனுக்குத் திமில் இருந்ததா?
கல்லூரியில் நான் கேட்டேன்.
திமில் வெறும் தசை, அம்மா.
எலும்பு இல்லாதது மண்ணில் தங்காது.
இதோ இந்தப் பொட்டலில் இன்று
ஆயிரம் பேர் பாய்ந்து கட்டிப்பிடிக்கப் போவது
தங்காத அதைத்தான்.

போலந்து நாட்டில் ஒரு காடு.
அவனுடைய தூரத்துப் பங்காளிகள் கடைசியாக நின்றது அங்கே.
அரசனின் ஆட்கள் வந்து எண்ணி எழுதினார்கள்:
முப்பத்தெட்டு.
இருபத்து நான்கு.
நான்கு.
அப்புறம் ஒரே ஒரு பசு.
ஆயிரத்து அறுநூற்று இருபத்தேழில் அதுவும் இல்லை.
எழுதியவன் கை நடுங்கியதா தெரியாது.
கோடு போட்டு மூடியிருப்பான், நாங்கள் மூடுகிற மாதிரி.
இந்தப் பக்கத்தில் செத்ததை எண்ண
யாரும் மேசை போடவில்லை.

இனம், புலிக்குளம். நிறம், காரி.
கொம்பு, விரிந்தது, நுனி சீவியது.
நாடா பிடித்து அளந்தபோது
என் மணிக்கட்டில் மூச்சு விட்டான்.
படிவம் நனைந்து மை பரவியது.
வேறு எழுத நேரமில்லை. அப்படியே முத்திரை குத்தினேன்.

பதினொரு மணிக்கு அவிழ்த்தார்கள்.
ஒருவன் தொட்டான். ஒருவன் நாலு எட்டு தொங்கினான்.
கொம்பில் கட்டிய துண்டு யார் கைக்கும் வரவில்லை.
கண்மாய்க் கரை ஏறி, தார்ச்சாலை தாண்டி,
பூட்டிய வீடுகளின் தெருவுக்குள் ஓடினான்.

இரவு போன் வந்தது. மாடு திரும்பலை.
மறுநாளும் வந்தது.
சிங்கப்பூர்க்காரர் வீட்டு முகப்பில்
சுண்ணாம்புப் பசு கன்றுக்குப் பால் கொடுக்கும் இடத்தில்
தூணில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றதாம்.
வாட்ச்மேன் டார்ச் அடித்ததும்
யூகலிப்டஸ் தோப்புக்குள் போய்விட்டதாம்.
வந்துரும் என்றேன்.
வந்துருமா என்றார்.
பதில் சொல்லாமல் இருந்தேன். நான் எதை விரும்பினேன் என்று
இன்றைக்கும் எனக்கே சரியாகத் தெரியவில்லை.
இரண்டு ராத்திரி
அந்தத் தோப்பில் கயிறில்லாமல் ஏதோ ஒன்று மேய்ந்தது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் விடிகாலை அவரே கூப்பிட்டார்.
கொட்டத்து வாசல்ல நிக்கிறான், டாக்டரம்மா.
தொடையில முள்ளு கீறல். துண்டைக் காணோம்.
நல்ல பசி.
கயித்தை எடுத்துட்டுப் போனேன்,
தலையைக் குனிஞ்சு மூக்கை நீட்டுறான்.

அவனேவா?

ஆமா.