எந்த வில்லா?

கார் சர்வீசுக்குப் போயிருந்தது.
கறிவேப்பிலை தீர்ந்துபோனதெல்லாம் ஒரு காரணமே இல்லை.
ஆனாலும் கிளம்பினேன்,
வீட்டில் போடும் பருத்திச் சுடிதாரில்,
தலையில் கிளிப், காலில் ஹவாய் செருப்பு.

ஆகஸ்ட், மாலை ஐந்தரை.
பஹ்ரைன் காற்று
ஈரத் துண்டை முகத்தில் போட்டு அழுத்தியது.
ஸாரில் யாரும் நடப்பதில்லை.
நடைபாதை இருக்கிறது, அழகாக, செங்கல் நிறத்தில்,
பத்தடிக்கொரு பேரீச்சை.
நாய்களுக்காகப் போட்டது.
நாய்களைக் கூட்டிப்போகும் பெண்களும் அதில் நடக்கலாம்.

சுவர்கள் என் உயரத்தில் இரண்டு பங்கு.
அவற்றின் மேல் காகிதப்பூ எட்டிப் பார்க்கும்,
வேறு யாரும் பார்த்ததில்லை.
நீச்சல் குளம் இருக்காமே, என்பாள் அண்ணி போனில்.
இருக்கிறது அண்ணி.
அதைச் சுத்தம் செய்கிறவன்தான் தினமும் இறங்குகிறான்.

பக்கத்து வில்லாக்காரியை
மூன்று வருடம் குரலாக மட்டும் தெரியும்,
மகனை அதட்டும் குரல்.
பெயர் ரானியா என்பதே
கடைசி வாரம் கேட்டில் ஒட்டிய காகிதத்தில் படித்தது:
சோபா நாற்பது தினார். டிராம்போலின் பதினைந்து.
கணவனுக்கு வேலை போய்ப் பத்து நாளாம்.
பேரம் பேசிப் பன்னிரண்டுக்கு வாங்கினோம்.
அதன் இரும்புக் காலில் மார்க்கர் பேனாவில்
ஒல்லி, மில்லா, கரீம்.
கரீமுக்குக் கீழே நறுமுகை என்று எழுதினாள் மகள்.
அவள் போய்க் குதிக்கத் தொடங்கிய பிறகும்
குனிந்தபடியே இருந்தேன்,
இன்னும் எத்தனை பெயருக்கு இடமிருக்கிறதென்று.

காம்பவுண்டு முடிகிற இடத்தில் மேடுகள் தொடங்கும்.
நாலாயிரம் வருடத்துக் கல்லறைகள்.
இந்தப் பக்கத்தில்
விசா புதுப்பிக்காமல் தங்கியிருப்பவர்கள் அவர்கள்தான்.

கோல்ட் ஸ்டோர் பையனுக்கு என்னைப் பார்த்ததும் பதற்றம்.
ஒரு போன் அடிச்சிருந்தால் கொண்டுவந்திருப்பேனே சேச்சி,
சேச்சியா நடந்து வந்தது?
சில்லறை கொடுத்துவிட்டு என் பின்னால் காரைத் தேடினான்.

திரும்பும்போது கேட்டில் புதுக் காவலாளி.
நேபாளத்துப் பையன், சட்டை இன்னும் மடிப்பு கலையவில்லை.
என் செருப்பைப் பார்த்தான், கையிலிருந்த கட்டைப் பார்த்தான்.
தீதி, எந்த வில்லாவில் வேலை?

திருத்தியிருக்கலாம்.
சேந்தனின் பெயரைச் சொல்லியிருக்கலாம்.
எழுபத்திமூன்று, என்றேன்.

மேடம் எப்படி?
பரவாயில்லை. கத்தமாட்டாள்.
சம்பளம்?
ஒண்ணாம் தேதி தந்துவிடுவாள்.
லீவு?
வெள்ளிக்கிழமை, என்று தொடங்கி
விருந்தாளி வராவிட்டால், என்று முடித்தேன்.
பேசுவாளா?
ம். உப்பு, பால், இஸ்திரி.
அறை தந்திருக்கிறாளா?
சமையலறைக்குப் பின்னால்.
அதற்குமேல் அவன் கேட்கவில்லை.
ஜன்னல் கிடையாது என்று நானாகச் சொன்னேன்.

தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.
உட்காருங்க தீதி, வேர்த்துக் கொட்டுது.
உட்கார்ந்தேன். அவன் பாட்டிலில் தண்ணீர் குடித்தேன்.
தடுப்புக் கம்பி ஏறி இறங்கியது,
அறுபத்தெட்டு போனது, எண்பது வந்தது,
போன வாரம் என் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட ஐம்பத்தொன்று
என்னைக் கடந்து வளைந்தது.
யாரும் நிறுத்தவில்லை.

வீட்டில் ரமணம்மா கதவைத் திறந்தாள்.
நான் போயிருப்பேனே அம்மா, என்றாள்.
கறிவேப்பிலையை அவள் கையில் கொடுத்தேன்.
வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து,
ரசத்துக்கு, என்றேன்.

மறுநாள் மத்தியானம் கார் வந்துவிட்டது.
கம்பி உயர்ந்தது. அவன் கை நெற்றிக்குப் போனது,
முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு.
கறுப்புக் கண்ணாடியை இறக்கப் பொத்தானில் விரல் வைத்தேன்.
வெளியே நாற்பத்திநாலு டிகிரி
என்று காட்டியது டாஷ்போர்டு.
விரலை எடுத்துக்கொண்டேன்.