மூன்றாம் கவுன்ட்டர்

வேளச்சேரி இ-சேவை மையத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே என் நாற்காலி.
காகிதம் பறக்காமலிருக்க
ஒரு பழைய பூட்டை வைத்திருக்கிறேன்.
சாவி கிடையாது.

இன்று முதலில் வந்தவர் திருவான்மியூர்க்காரர்.
வாரிசுச் சான்றிதழ்.
அப்பா போய் நாற்பது நாள்.
கோப்பிலிருந்து சர்வே எண்களும் லாக்கர் ரசீதும் வந்தன,
கூடவே ஐம்பத்தெட்டில்
கிண்டியில் எடுத்த பட்டமளிப்புப் படம்.
"இது வேணாம் சார்" என்றேன்.
"தெரியும்" என்றார்.
மடங்கிய ஓரத்தை நீவி நீவி
உள்ளே வைத்தார்.

அடுத்து சங்கவி, செம்மஞ்சேரி.
முதல் பட்டதாரிச் சான்றிதழ்.
வேலை செய்கிற வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டு
அம்மாவும் வந்திருந்தாள்.

இந்தப் படிவத்துக்கு வேறு மாதிரிப் பசி.
அப்பாவைப் பெற்றவர் என்ன படித்தார், அவர் மனைவி,
அம்மாவைப் பெற்றவர், அவர் மனைவி,
அப்புறம் அப்பா, அம்மா.
கைநாட்டு என்கிறாள், கைநாட்டு,
மூணாவதோ என்னமோ, தெரியலம்மா,
நான் அஞ்சாவது,
எதையோ உடைத்துவிட்டு ஒப்புக்கொள்கிற குரலில்.
நான் அடிப்பதெல்லாம் ஒரே சொல்: இல்லை.
போதுமான இல்லைகள் சேர்ந்தால்
அரசு முத்திரை கிடைக்கும்.

இரண்டு சான்றிதழுக்கும் கட்டணம் அறுபது ரூபாய்தான்.

"கூடப் பொறந்தவங்க?"
"அக்கா. ஒரு வருஷம் இன்ஜினியரிங் போனா.
கல்யாணம் ஆயிடுச்சி."
"சலுகை வாங்கினாளா?"

ஒரு வீட்டுக்கு ஒருவர். அதுதான் விதி.
எங்கள் வீட்டில் அது நான்.

லோகேஷ் என்னைவிடப் பதினொரு மாதம் சின்னவன்.
கணக்கில் என்னைவிட மூத்தவன்.
கட்ஆஃப் எனக்கு நூற்று அறுபத்திரண்டு,
அவனுக்கு நூற்று எழுபத்தொன்பது.
நான் முன்னால் பிறந்தேன், அவ்வளவுதான்.
அவன் முறை வந்தது
கூவம் ஓரத்திலிருந்து எங்களை லாரியில் ஏற்றி
பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்ட வருஷம்.
சிந்தாதிரிப்பேட்டையில் அப்பாவுக்கு இருந்த வேலை
இரண்டு பஸ் தள்ளிப்போய்
பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது.
இருபத்தைந்தாயிரம் குறைந்தது.
ஐந்நூறு குறைந்திருந்தாலும் அதே கதைதான்.
"நீ முடிச்சிடுக்கா, நான் அப்புறம் பாத்துக்கறேன்."
அந்த அப்புறம் இப்போது
ஓ.எம்.ஆர். சிக்னலில் ஒற்றைக் காலூன்றி நிற்கிறது,
முதுகில் யாருடைய பிரியாணியோ சுட.

முடித்தேன். பி.இ.
நேர்முகத் தேர்வில் ஒருவர்
என் முகவரியைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.
இன்னொருவர் "அங்கிருந்து தினமும் வர முடியுமா?" என்றார்,
ஏதோ வெளிநாட்டைக் கேட்பதுபோல.
எட்டு வருஷமாக
மற்றவர்களின் முகவரியை டைப் அடிக்கிறேன்.

என் மகளுக்கு நாலு வயது.
அவளுக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது.
தாய் என்கிற கட்டத்தில்
இல்லை என்று யாரும் அடிக்க முடியாது.
நகை இல்லை, மனை இல்லை,
நான் சேர்த்த சொத்து அந்தக் கட்டம்.

லோகேஷின் பையனுக்குக் கிடைக்கும்.
ஒரே பிளாக், ஒரே மாடி.
இரண்டும் ஒரே தட்டில்
அப்பளத்துக்கு அடித்துக்கொள்ளும்.
என்றோ ஒருநாள் அவன் இப்படியொரு கண்ணாடிக்கு வெளியே நின்று
எங்களைவிடக் கணக்குத் தெரிந்த ஒருவனைப் பற்றி
இல்லை, இல்லை என்று சொல்லவேண்டும்.

"மேடம், எழுதிட்டீங்களா?"

சங்கவி என்னைப் பார்க்கவில்லை.
பூட்டைப் பார்க்கிறாள்.
அம்மா புடவைத் தலைப்பில் சில்லறையை முடிந்து
மறுபடி அவிழ்க்கிறாள்.
"வாங்கினாளான்னு தெரியலம்மா.
வாங்கியிருந்தா என்ன ஆகும்?"

வெற்றுக் கட்டத்தில்
கர்சர் விட்டுவிட்டு மினுங்குகிறது.
வரிசையில் பின்னாலிருந்து யாரோ
மணி கேட்கிறார்கள்.