அரை அங்குலம்

பள்ளி திறக்கும் வாரத்தில்
எனக்குத் தலைக்கு மேல் வேலை.
சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொள்வேன்,
சிரிக்க நேரம் இருந்தால்.

ஹோஹோயே சந்தைச் சாலையில்
தகரப் பெட்டி மாதிரி ஒரு கடை.
மற்ற நாட்களில் லாரி ஓட்டுநர்கள், ஒரு பாதிரியார்,
மீசையை மட்டும் ஒதுக்கச் சொல்லும் தபால்காரர்.
இந்த வாரம் பெண்பிள்ளைகள்,
கையில் பள்ளி தந்த தாளோடு:

வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டு
வாளி ஒன்று
தலைமுடி அரை அங்குலத்துக்கு மிகாமல்
வெட்டுக்கத்தி ஒன்று, புல் செதுக்க
தோடு, சங்கிலி, நகப்பூச்சு கூடாது
பாவாடை முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்

வாளிக்கும் கத்திக்கும் நடுவில்
முடி.

பின்னலை என் எந்திரம் கடிக்காது.
அதனால் முதலில் எதிர்க்கடை அக்பேனேயிடம் போவார்கள்.
விடுமுறைக்கு அவள்தான் பின்னிவிட்டது,
ஐந்து மணி நேரம், இரண்டு பேர் கைகள்.
இப்போது அவளே அவிழ்க்கிறாள்
சீப்பின் வால் முனையால், ஒவ்வொன்றாக.
காசு வாங்குவதில்லை.
கேட்டால்,
"பிணத்தைக் குளிப்பாட்டிக் கூலி கேட்பதா?" என்பாள்.
அவள் வாய் அப்படி.
அவளுக்கு ஒரு மணி நேரம்.
எனக்கு மூன்று நிமிடம்.

யைரா என்றொரு பெண்.
துணியைப் போர்த்தியதும் கேட்டாள்:
"போன வருஷம் இத்தாலியிலேர்ந்து ஒருத்தி வந்தாளாம், இதே பள்ளிக்கு.
இடுப்பு வரைக்கும் முடி.
யாரும் ஒண்ணும் சொல்லலையாம்."
"அவ முடி வேற" என்றாள் அம்மா.
"வேறன்னா?"
அம்மா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள்.
"பேன் வராது" என்றேன் நான்.
"அவளுக்கு வருமே?"
"படிக்க நேரம் மிஞ்சும்."
"அவளுக்கு மிஞ்ச வேண்டாமா?"
எந்திரத்தை முடுக்கினேன்.
சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம்,
இந்தத் தொழிலில் அது ஒரு வசதி.

ஆனாலும் கை கேட்கவில்லை.
அரைக்குப் பதில் முக்கால் அங்குலம் விட்டேன்.
யார் அளக்கப்போகிறார்கள்?

அளந்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்குக் கடைமுன் டாக்சி.
கூரையில் டிரங்குப் பெட்டி, வாளி,
பின்சீட்டில் காரி மாவு மூட்டை,
அம்மாவின் மடியில் மிளகாய்த் தொக்கு ஜாடி.
வாசலிலேயே ஓர் ஆசிரியை
பென்சிலைத் தலைமேல் படுக்கவைத்துப் பார்த்தாராம்.
பென்சில் மூழ்கிவிட்டதாம்.

டாக்சிக்கு எவ்வளவு ஆனது என்று அம்மா சொல்லவில்லை.
கதவைச் சாத்திய சத்தம் சொன்னது.
என் இரக்கத்துக்கு
அவள் வாடகை கட்டியிருக்கிறாள்.

"சீப்பு மாட்டாம வெட்டுங்க" என்றாள் யைரா.
"அவ்வளவு வேண்டாம்மா, அரை அங்குலம் போதும்."
"வெறும் பல்லால வெட்டுங்க.
இன்னொரு தடவை இங்க வர முடியாது."

வெட்டினேன்.
எதிர்க்கடையிலிருந்து அக்பேனே வந்து
நிலையில் சாய்ந்து நின்றாள், ஒன்றும் பேசாமல்;
அவள் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் யைரா கண்ணாடி கேட்டாள்.
இந்த வாரத்தில் கண்ணாடி கேட்ட முதல் பெண்.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பிடித்தேன்.
இடது காதுக்குப் பின்னே
பட்டாணி அளவில் ஒரு மச்சம்.
தொட்டுப் பார்த்தாள்.
அழுக்கோ என்று தேய்த்தும் பார்த்தாள்.
"பொறந்தப்பவே இருந்தது" என்றாள் அம்மா.
"நானே மறந்துட்டேன்."

தாளைப் பிரித்து
மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள் பெண்.
விரிப்பு, வாளி, முடி, கத்தி, தோடு, பாவாடை.
"மச்சத்தைப் பத்தி ஒண்ணும் போடலை" என்றாள்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

டாக்சிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
அம்மா நீட்டிய காசை வாங்கவில்லை நான்.
அக்பேனே என்னவோ சொல்ல வாயெடுத்தாள்,
அதற்குள் அடுத்த பெண்
நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்,
துணி போர்த்தும் முன்பே
கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அரை அங்குலச் சீப்பை எடுத்து மாட்டினேன்,
வெளிச்சத்தில் இரண்டு தடவை
சரிபார்த்துவிட்டு.