வரவு, செலவு, விட்டது

திசையன்விளைக் கடையில் வாங்கிய பேரேட்டில்
அச்சில் இருந்தது இரண்டே பத்தி.
மூன்றாவதை நான்தான்
ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் இழுத்தேன்.
தலைப்பு என்ன போட என்று பேனாவைக் கடித்திருக்கையில்
ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தெரேஸ்நாள்
"விட்டதுன்னு போடு" என்றாள்.
போட்டேன்.

ஆனி பதினாலு. சோழக்காற்று.
ஆறு வள்ளம். சிங்கி இருபத்துமூன்று கிலோ நானூறு.
விட்டது: ஏழு.
வாலடியில் ஆரஞ்சு மணியாய் முட்டை அப்பிய ஏழு,
ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் குறையாது.
ரூபாயாக்கிப் பார்க்காதே என்று
மனசுக்குச் சொல்லிவைத்திருந்தும்
பென்சில் ஓரத்தில் பெருக்கிவிட்டது:
பதிமூன்றாயிரத்துச் சொச்சம்.
அழித்தேன்.
தடம் இருக்கிறது.

கம்பெனி வண்டியோடு வந்த தரகர் சிரித்தார்.
"நீங்க விட்டா அடுத்த ஊர்க்காரன் பிடிப்பான், தெரியும்லா?"
தெரியும்.
கடலுக்குள் எல்லைக்கல் நட்டவன் யாருமில்லை.
அதனால் அடுத்த ஊர்களுக்கும் போனோம், கரையோடு, வெயிலில்.
இரண்டு ஊர் சரி என்றது.
ஒரு ஊர் டீ கொடுத்து அனுப்பியது.

வள்ளியூர் வங்கியில்
மேலாளர் மூன்றாம் பத்தியில் விரலை வைத்தார்.
"இது நட்டமாம்மா, கையிருப்பாம்மா?"
தரகரின் முன்பணத்தை அடைக்க,
உயிர்ச் சிங்கிக்குத் தொட்டி கட்ட,
நாலு லட்சம் கேட்டுப் போனவள் நான்.
கையிருப்பு சார் என்றேன்.
"எங்க இருக்கு?"
பாரில்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டார் மனிதர்.
அந்தப் பார் இல்லை சார்,
கடலுக்கடியில் பாறை, சிங்கி குடியிருக்கும் இடம்,
எங்களுக்கு அது பார்.
எழுதிக்கொண்டார்.
பிறகு பார்ப்போம் என்றார்.
அதிலும் ஒரு பார் இருந்தது.

முப்பத்தொரு பெண்கள், ஆளுக்கு ஐந்நூறு.
தொட்டி வரவில்லை, பழைய ஐஸ் பெட்டி ஒன்று வந்தது.
மூடி சரியாக உட்காராது.
மேலே கல் ஏற்றியிருக்கிறோம்.

ஆடி இரண்டு.
எடைக்கு வந்த சிங்கி ஒன்றைத் திருப்பினேன்.
முட்டை இல்லை.
முட்டையைப் பிடித்திருக்கும் மயிர் மட்டும்
பிய்ந்து, நார்நாராய்.
உரசியிருக்கிறார்கள்.
வள்ளம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.
துணி தேய்க்கும் பிரஷைக் காணோமென்று
விடிகாலையில் வீடு முழுக்கத் தேடியவள் நானே.

தராசுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வியாகப்பன்.
சத்தம் போடவில்லை.
"பிள்ளைக்கு பீஸ் கட்டாண்டாமா?" என்றார்,
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.
கட்டத்தான் வேண்டும்.
அதுவும் இந்த மாசமே.

அபராதம் இரண்டாயிரம், பெயர் வியாகப்பன்:
வரவில் ஏற்றினேன்.
அது என் சீட்டுப் பணத்திலிருந்து போனது.
அந்தச் செலவை எழுதச்
சங்கத்துப் பேரேட்டில் இடமில்லை.
பின்னால் நின்ற தெரேஸ்நாள்
ஐஸ் உடைப்பதை நிறுத்தியிருந்தாள்,
பிறகு கொஞ்சம் பலமாகவே உடைத்தாள்.

மூன்று நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை அவர்.
சோறு இருந்த இடத்திலிருந்து தானே போட்டுச் சாப்பிட்டார்.
நாலாம் நாள் விடியக்கருக்கலில்
ஈரக் கைலியோடு தராசடியில் வந்து நின்று
"விட்டது ரெண்டு" என்றார்.

விட்டாரா,
வலையில் விழவே இல்லையா,
வேறெங்காவது வேறெவருக்காவது கொடுத்தாரா.
கடலுக்குள் அவரோடு போனது
பேசத் தெரியாத ஒரு யமஹா இஞ்சின்.

இரண்டு என்று எழுதினேன்.
வரவுக்குச் சீட்டு உண்டு, செலவுக்கு ரசீது உண்டு.
இந்தப் பத்திக்கு
வவுச்சர் கிடையாது.