நாற்பத்தேழாம் வரி

நேற்று அறுபதாம் வரியில் நின்றது.
இன்று நாற்பத்தேழு.

அம்புக்குறி அசையவில்லை. மூலையில் மணி மாறவில்லை.
நான் அழுத்திய ‘க’
திரைக்கு வராமல் நடுவழியில் எங்கோ நிற்கிறது,
கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் கடக்கக் காத்திருக்கும் சைக்கிள்போல.

அப்புறம் உள்ளே ஒரு இரைச்சல்.
அப்புறம் கறுப்பு.
கறுப்பில் என் முகம், நெற்றி வேர்த்து.

காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்கு
வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறவள் நான்.
எந்தப் படகுக்கு எத்தனை பார்,
எத்தனை பார் கடன்,
எத்தனை பார் வழியில் கரைந்தது.
கரைந்ததற்கும் ஒரு கட்டம் உண்டு.
அந்தக் கட்டத்தில்தான் முதலாளிக்கு என்மேல் சந்தேகம்.

பாயிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தேன்.
நாலு மூலைக்கும் நாலு சோடா மூடி முட்டுக்கொடுத்தேன்.
டேபிள் ஃபேனை
என் பக்கமிருந்து அதன் பக்கம் திருப்பினேன்.
வேண்டாததையெல்லாம் மூடு என்றான் மகன்.
மூடினேன்.
மூடியது போக மிச்சம் கணக்கு மட்டும்.
அதற்கே தாங்கவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்திருக்கிறேன்,
காய்ச்சல்காரனுக்குக் குறிப்பதுபோல:
திங்கள், 38 நிமிஷம்.
செவ்வாய், 31.
புதன் கரண்ட் இல்லை, சேர்த்தியில்லை.
வியாழன், 22.

புத்தி கெட்டு ஒருநாள் கம்பெனியில்
ஒரு துண்டு ஐஸ் கேட்டேன்.
லோடு எட்மண்டு சிரித்தான்:
“மீனுக்குக் கேளு, குடுக்குறேன்.
மெசினுக்கு வச்சின்னா உள்ள தண்ணி கோத்துக்கும்க்கா.”

தண்டையார்பேட்டையில்
ஒரு மாடிப்படிக்கு அடியில் பெர்னதெத்தின் கடை.
நிமிர்ந்தால் தலையில் இடிக்கும்.
கவிழ்த்துப் போட்டுப் பதினோரு திருகு கழற்றினாள்.
ஒவ்வொன்றையும்
பழைய இட்லித் தட்டின் ஒவ்வொரு குழியில்,
கழன்ற வரிசை மாறாமல்.

காற்று வெளியேறும் வழியில்
ஒரு கம்பளி.
யாரும் நெய்யாத கம்பளி.
துறைமுகத்து நிலக்கரி, எண்ணூர்ச் சாம்பல்,
வெள்ளிக்கிழமை சாம்பிராணி, பூனை முடி,
சிறகோடு ஒரு ஈசல்.
“இன்னாக்கா, மொத்த ஏரியாவையும்
உள்ள குடி வச்சிகினு கீற.”

இடுக்கியால் ஒரே உரியாய் உரித்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
கனமே இல்லை.
ஊதினால் போய்விடும். ஊதவில்லை.

“எந்நேரமும் ஒரே ரூம்லயா ஓடுது?”
“ஆமாம். ஜன்னல் பக்கம்.”
“எத்தினி வருசமா?”
“ஆறு.”
நீ எத்தனை வருஷம் என்று
அவள் கேட்கவில்லை.

காய்ந்த சுண்ணாம்பாய்ப் பொருக்கு விட்டிருந்த பசையைச் சுரண்டி
பட்டாணி அளவு புதுசு வைத்தாள்.
விசிறியை விரலால் சுண்டினாள், சுற்றியது.
திருகுகளைத் தட்டின் குழி குழியாய்த் திருப்பிப் பொறுக்கினாள்.
“டப்புனு அணையுதே, அது ரிப்பேர் இல்லக்கா.
சூடு எல்லை தாண்டுச்சுன்னா
அதுவா அணைஞ்சிக்கும்.
அணையாம ஓடிச்சுன்னா
அன்னிக்கே கருகியிருக்கும்.”
முன்னூற்றைம்பது வாங்கிக்கொண்டாள்.
ஐம்பது பாக்கி வைத்தேன்.

இரவு, நாற்பத்தேழு தாண்டியதை
நான் கவனிக்கவே இல்லை.
நூற்றுப் பன்னிரண்டில்தான் நினைவு வந்து
மேலே ஏறிப் பார்த்தேன்:
ஆறு பார் வாங்கிய படகு, கரைந்தது ஒன்று.
வேறொன்றும் இல்லை அந்த வரியில்.

டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பினேன்.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்.
திறந்தால் கரி.
கொண்டிக்கு எட்டாமல்
பாதியில் நிறுத்தினேன், ஒரு சோடா மூடி செருகி.

காலண்டர் தாளைத் திருப்பி
வெள்ளி, ஓடுகிறது
என்று எழுதினேன்.
அதன் கீழே கோடு கிழித்து
என் பெயர்.
பக்கத்தில் எதைக் குறிப்பதென்று தெரியவில்லை.
முதல் இருமலுக்குக்
காத்திருக்கிறேன், பேனா திறந்தபடி.