இருபத்திப் பத்து

கொருக்குப்பேட்டை கேட்டு
என் முன்சக்கரத்தைப் பார்த்தபடியேதான் இறங்கியது.
ஒரு மூச்சு முந்தியிருந்தால் தாண்டியிருப்பேன்.
எட்டே முக்காலுக்கு இவளுக்குப் பள்ளிக்கூட மணி,
ஒன்பதுக்கு எனக்கு கேஸ் குடோனில் முதல் லோடு.
வண்டியை அணைத்து, காலை ஊன்றி,
யாரை என்றில்லாமல் திட்டத் தொடங்கினேன்.

முன்னால் நின்றிருந்தவள்
ஸ்பீடோமீட்டர் மேல் தாடையை வைத்துக்கொண்டு சொன்னாள்:
"திட்டாத நைனா. ரயிலு நம்மள பாக்க வருது."

பாக்கவா?

"ஆமா. அதுக்குத்தான் குச்சி போட்டு
எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சிக்கிறாங்க.
நீ தலய வாரு."

வாரிக்கொண்டேன்.
காது கொடுத்திருந்த ஷேர் ஆட்டோக்காரரும்
மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
சைக்கிளைச் சாய்த்து, குனிந்து, கேட்டுக்கு அடியில்
நுழைந்து போனவர்களைப் பார்த்து
இவளுக்கு வருத்தம்.
பாவம், அவங்கள ரயிலு பாக்காது.

வந்தது.
எண்ணெய் டேங்கர்கள். கறுப்பாய், வயிறு பெருத்து,
அவசரம் என்ற வார்த்தையே கேள்விப்படாத மாதிரி.
தன்ஷிகா ஒவ்வொன்றையும் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
அஞ்சாவது தூங்குதாம்.
பதினொண்ணாவதுக்கு சளி, மூக்கு ஒழுகுதாம்.
பதினெட்டு அப்படியே அவள் மிஸ் மாதிரியாம்.
எப்படி என்று கேட்டேன்.
"பேசாத நைனா, எண்ணிக்கை வுட்டுடும்."

இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்போது,
இருபத்திப் பத்து,
இருபத்திப் பதினொண்ணு...

முப்பது என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.
எச்சிலோடு விழுங்கினேன்.
ஒன்பதுக்கு அப்புறம் பத்துதானே?
முப்பது ஏறியதும் இருபது எழுந்து
சீட்டு விட வேண்டும் என்று
யார் போட்ட சட்டம்?

இருபத்திப் பதிமூணில் ரயில் நின்றுவிட்டது.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
அத்தனை வாயிலிருந்தும் ஒரே பெருமூச்சு.
இவள் மட்டும் அண்ணாந்து, டேங்கர் தலைக்கு மேல்,
மணலிப் பக்கம் உயரக் குழாயின் முனையில்
பகலிலும் எரிகிற நெருப்பைக் காட்டினாள்.

"யாருக்கு நைனா பொறந்த நாளு?"
தெரியலையே.
"கடலுக்கு."
கடலுக்கா! எத்தன வயசு?
"ஒரே மெழுகுவத்திதான கீது? ஒண்ணு."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அதான் காசிமேட்டாண்ட
தவந்து தவந்து வருது. எழுந்து நிக்கப் பாக்குது,
தொப்புனு வுழுந்துடுது."

முப்பத்தாறு வருஷமாய்ப் பார்க்கிற கடல்.
ரெண்டு புயலில் ரெண்டு முறை
எங்கள் கூரையைக் கொண்டுபோன கடல்.
இருக்கட்டும்.
ஒரு வயசுப் பிள்ளை,
கையில் கிடைத்ததை இழுக்கத்தான் செய்யும்.

ரயில் குலுங்கிக் கிளம்பியது.
நான், முதல் முறையாக, மெல்லப் போயேன் என்றேன்.
கடைசிப் பெட்டியில் கார்டு
பச்சைக் கொடியை நீட்டியபடி எங்களைக் கடந்தார்.

"நைனா! பாஸு! எல்லாரும் பாஸு!"

ஆட்டோக்காரர் கை தட்டினார்.
கேட்டு பாதிகூட ஏறவில்லை,
பாஸான அத்தனை பேரும் ஹாரன் அடித்தோம்.

பள்ளி வாசலில் மிஸ் ஏன் லேட்டு என்றார்.
"ரயிலு எங்கள ரொம்ப நேரம் பாத்துச்சு மிஸ்,"
சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.
மிச்ச விளக்கத்துக்கு என்னை விட்டுவிட்டு.
(பதினெட்டாவது டேங்கர். உண்மைதான்.
கன்னத்தருகே அதே மாதிரி ஒரு பள்ளம்.)

குடோனில் வெயில் ஏறியிருந்தது.
சிலிண்டர் ஒன்றின் மேல் ஒன்று மோத
லாரி நிறைந்துகொண்டிருந்தது.
கணக்கு நோட்டோடு சகாயராஜ் வந்தான்.
"எத்தன ஏறிச்சுண்ணே?"
"இருபத்திப் பத்து."
பேனா நின்றது.
"இன்னாது?"
"கரெக்டாத்தான் கீது," என்றேன். "எழுது."